நாற்பத்தோராம் புள்ளி

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே மூடுபனி. வட்டகொடை ரயில் நிலையப் பலகைகூடத் தெரியவில்லை. குடை மறந்தாச்சு, வழக்கம்போல.

ஆபீசில், கொழும்பிலிருந்து வந்திருக்கும் சேர் புது வேலை கொடுத்தார். டவுன் பொலிஸின் பழைய கேஸ் பதிவுகள். பெயர்கள் இல்லை, எண் மட்டும். ஒரு ஆள் ஒரு புள்ளி. ஒரே கேஸ் பக்கத்தில் இரண்டு எண் இருந்தால் நடுவில் ஒரு கோடு. நகரங்களில் குற்றம் காய்ச்சல் மாதிரி ஆள்விட்டு ஆள் தொற்றுமாம். கோடுகளைப் பார்த்தே அடுத்தது யார் என்று சொல்லிவிடலாமாம். மனுஷனுக்குப் பேசச் சொல்லித்தர வேண்டாம்.

வாங்க வேண்டியது: சீனி, அம்மாவுக்கு வலித்தைலம்.

மார்ச் 5, புதன்

மழை. படம் வந்துவிட்டது. போதைத்தூள் கேஸ் ஒரு கொத்து, வயர் திருட்டு ஒரு கொத்து, அடிதடி ஒரு கொத்து. எல்லாவற்றுக்கும் நடுவில் 41. ஒரு தடவைகூடக் கைதானதில்லை. ஆனால் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறான். பார்க்கப் பார்க்கப் பயம். கொஞ்சம் பெருமையும், பொய் சொல்வானேன். "இவன்தான் தலை, சேர்" என்றேன். அறிக்கையில் முதலாவதாகப் போடச் சொன்னார். போட்டேன். சாயந்தரமே பொலிஸுக்குப் போய்விட்டது.

மார்ச் 6, வியாழன்

41 வந்த தேதிகளில் ஒன்று, தைப்பொங்கலுக்கு மறுநாள். அன்றைக்கு அண்ணன் சாப்பிட வராதது ஞாபகம். சும்மாதான் இந்த நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். "அண்ணன் டவுனுக்கு." இன்னொரு தேதி. "அண்ணன் டவுனுக்கு." இன்னொன்று, அதுவும். அதற்குமேல் பார்க்கவில்லை.

சோறு போடும்போது அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி, புதுசா பாக்குற?"

சிரித்தான். எனக்குப் பயமாக இருந்தது. கூடப் பிறந்தவனிடம்.

மார்ச் 7, வெள்ளி

பனி ஜன்னல்வரை. ஏழு மணிக்குக் கதவில் தட்டு. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பரா மேரி அக்கா. அவர் வீட்டுக்காரரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம்.

"தம்பி இருக்காங்களா? பொலிஸ்ல சிங்களம் பேச ஆள் வேணும்."

அண்ணன் பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கிளம்பினான். நான் அடுப்படியில் அப்படியே நின்றேன்.

கொழும்புக் கடையில் வேலை பார்த்துச் சிங்களம் பழகியவன். லயத்தில் யாரைப் பிடித்தாலும் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்குத் தெரியாததா? பேச வந்தவன் எண்ணும் அதே பக்கத்தில்தான் ஏறும் என்று தோன்றவே இல்லை. நான்தான் கோடு போட்டேன். பாவி.

சேருக்கு போன். அனுப்பியதைத் திருப்ப முடியாதாம். "படம் பொய் சொல்லாதும்மா."

மார்ச் 8, சனி

பனி விலகவில்லை. அண்ணனை வரச்சொல்லி பொலிஸிலிருந்து போன். யாரைப் பிடித்தீர்கள் என்று கேட்டிருக்கிறான். "வா" என்று மட்டும் சொன்னார்களாம். வெள்ளைச் சட்டையைத் தேய்த்தான்.

எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"அழாத. நான் பேசிக்கிறேன். அங்க எல்லாருக்கும் என்னயத் தெரியும்ல."

அதைத்தான் படமும் சொல்கிறது.

அவனுக்காகப் பேச இந்த லயத்தில் வேறு ஆள் இல்லை. என் சிங்களம் அரைகுறை. இருந்தாலும் போகிறேன். இன்றைய பக்கத்தில் எனக்கும் ஒரு எண் விழும், 41-க்குப் பக்கத்தில். வாசலில் கூப்பிடுகிறான். பனியில் ஆள் தெரியவில்லை, குரல் மட்டும்.