காந்தத்துக்கு வைத்த பொட்டு

நாள் 112, 17:40

இன்று நான் சொல்லாமல் விட்டது: "சார், காந்தம் தலைகீழாக இருக்கிறது."

நிலவின் தென்முனை நிலையத்தில் நாங்கள் இருவர். தலைவர் தணிகாசலம், இயற்பியல் பார்க்கும் நான். வெளியே இருக்கும் நீர்ம ஆக்சிஜன் தொட்டியை ஒரு பிஸ்மத் தகடு குளிர்விக்கிறது. காந்தப் புலத்தில் வைத்து மின்னோட்டம் செலுத்தினால் அதன் ஒரு விளிம்பு குளிரும், எதிர் விளிம்பு சுடும். காந்தத்தைத் திருப்பி வைத்தால் குளிர்ந்த விளிம்பு சுடும். 1886-இல் எட்டிங்ஸ்ஹவுசனும் அவர் மாணவர் நெர்ன்ஸ்ட்டும் கண்ட விளைவு இது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒளிபரப்பில் தணிகாசலம் இருவரையும் ஒட்டவைத்து, "நெர்ன்ஸ்ட் எட்டிங்ஸ்ஹவுசன்ங்கற மேதை" என்றார். திருத்தினேன். அன்றிலிருந்து நான் "டாக்டரம்மா".

ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிகளுக்கும் அவர்தான் குங்குமம் வைத்தார். மாற்றுக் காந்தத்தின் வடமுனையில் ஏற்கெனவே சிவப்புப் புள்ளி உண்டு. அவர் பொட்டு வைத்தது தென்முனையில். இன்று பழுதான பழையதை மாற்றும்போது கண்ணில் பட்ட முதல் சிவப்பை வடக்கு என்று நம்பிப் பொருத்திவிட்டார். அவரே கண்டுபிடித்து என் முன்னால் நெளியட்டும்.

நாள் 113, 07:15

நெளியவில்லை. தொட்டி கொதிக்கிறது, ஆக்சிஜன் வால்வு வழியே வெளியேறுகிறது. அடுத்த கப்பல் வர ஒன்பது நாள். வெளியே ஊர்தியில் இருந்த தணிகாசலத்திடம் வானொலியில் சொன்னேன்.

"செவப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா டாக்டரம்மா? புதுக் காந்தம். பழக ரெண்டு நாள் ஆவும்."

பழகுமாம், புது மருமகளைப் போல.

மின்னோட்டத்தை நிறுத்த அவருடைய கடவுச்சொல் வேண்டும். பூமியிடம் முறையிட்டேன். பதில்: "தலைவர் சொற்படி நடக்கவும்." முட்டாள்தனத்துக்கும் மேலிடம் உண்டு.

நாள் 114, 16:05

ஆக்சிஜன் இருப்பு: இருவருக்கு ஐந்து நாள். கப்பல் வர எட்டு.

தொட்டியருகே இருந்து வானொலியில் அவர்: "திசைகாட்டி வெச்சுப் பாத்தேம்மா. நீ சொன்னதுதான் சரி. கரண்ட்ட நிறுத்திட்டேன், திருப்பி மாட்டிடறேன்." பிறகு, "ஏம்மா, மொத நாளே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் சார்."



"சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பனா... இரு, வரேன்."

16:22

காந்தம் கையை விட்டு நழுவி இரும்புச் சட்டத்தில் அறைந்தது. அவர் கை இடையில். விண்ணுடையின் கையுறை கிழிந்த

நாள் 115, 09:00

காந்தம் சரியான பக்கம் ஒட்டியிருக்கிறது. மின்னோட்டத்தைத் தொடங்கக் கடவுச்சொல் வேண்டியதில்லை; தொடங்கினேன். தொட்டி குளிர்கிறது. தணிகாசலம் நேற்று 16:25-க்கு இறந்தார். இருப்பு: ஒருவருக்கு ஒன்பது நாள். கப்பல் வர ஏழு.