முட்டுக் கொடுத்த தமிழ்

நண்பா,

இன்று காலை காட்டுப்பாக்கத்துக் கோயிலில் குருக்கள் மடித்துத் தந்த திருநீற்றை வீட்டுக்கு வந்து பிரித்தேன். நீற்றைக் கிண்ணத்தில் இட்ட பிறகு, அது மடித்திருந்த தாளில் அச்செழுத்துகளைக் கண்டேன். யாரோ எடைக்குப் போட்ட தேர்வு வழிகாட்டியின் கிழிந்த பக்கம் அது. ‘மேற்கண்ட வாதத்துக்கு வலுச் சேர்ப்பது பின்வருவனவற்றுள் எது?’ என்று கேட்டு, கீழே நான்கு விடைகளை அடுக்கியிருந்தார்கள். நெற்றிக்குப் போகவேண்டிய விரல் பாதியில் நின்றது.

அக்கேள்வியை நீ அப்படிச் சொன்னதில்லை. ‘முட்டுக் கேள்வி’ என்பாய். ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கும் எங்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு நடுவில் கால்மடித்து உட்கார்ந்து, ஆங்கில வினாத்தாளை உன் நெமிலிச்சேரிப் பேச்சில் பிரித்துப் போடுவாய். நீ கடைசல் இயந்திரத்தில் நின்றவன். நான் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன். சம வயது, சம சம்பளம். ஆயினும் அந்தக் கூடத்தில் நீ சொல்ல, நாங்கள் எழுதிக்கொண்டோம்.

“சாயிற செவுத்துக்குக் கட்டை குடுக்கிறோம்ல, அதான் சாமி முட்டு. செவுரு யாரோடதுன்னு கேக்காத. கட்டை நிக்குதா, அத்த மட்டும் பாரு.”

நீறு பூசிய நெற்றியைக் கண்ட நாள் முதல் நீ என்னைச் சாமி என்றே அழைத்தாய். பதிகங்களிலும் பழம்பாடல்களிலும் ஊறிய எனக்கு, அளவை இலக்கணம் கூறும் ஏதுவும் எடுத்துக்காட்டும் மனப்பாடம். அதனால் வாதம் செய்வது எனக்குக் கைவந்த கலை என்றே எண்ணியிருந்தேன். உன் முதல் கேள்வியிலேயே அந்த எண்ணம் சரிந்தது. தொழிற்பேட்டையில் ஓர் ஆலைக்குப் புதிதாகப் பேருந்து விட்டார்கள். தொழிலாளர் தாமதமாக வருவது குறைந்தது. ஆகவே பேருந்துதான் காரணம். இதற்கு வலுச் சேர்ப்பது எது? காலந்தவறாமை உயர்ந்த பண்பு என்ற விடையை நான் தொட்டேன். எந்தக் கேள்வியிலும் எது நல்ல சொல்லோ அதையே என் கை தொடும்.

“இது முட்டு இல்ல சாமி, சுண்ணாம்பு. செவுரு சாயிது, நீ வெள்ளையடிச்சிகினு கீற.”

“சாமி ஊட்ல அதுக்குள்ள பொங்கலுபா!” என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பேருந்து விடாத பக்கத்து ஆலையில் தாமதம் குறையவில்லை என்பதே சரியான விடை. அன்று நீ சொல்லித் தந்த சூத்திரத்தை நான் என் குறிப்பேட்டில் உன் பேச்சிலேயே எழுதிவைத்தேன். “அந்த முடிவுக்குப் போறதுக்கு வேற வாசலு எதுனா தொறந்து கீதா பாரு. அத்த மூடுறது எதுவோ அதான் ஆன்சரு.” இரண்டே மாதத்தில் எனக்கு அது கைவந்தது. கைவந்ததைப் பரீட்சைக்கு முன்பே எங்கே செலவிட்டேன் என்பதை நீ அறிவாய்.

நம் குடியிருப்பு முருகன் கோயிலைக் கூட்டி, பூக்கட்டி வைத்துக்கொண்டிருந்தவர் தனம்மா. நெமிலிச்சேரியில் உன் தெருவுக்கு அடுத்த தெரு. அவர் தாயும் தந்தையும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் குருக்களிடம் சாவி வாங்கித் திறந்து, கழுவிவிட்டு, மாலை கட்டித் தூணில் தொங்கவிட்டுப் போவார். அப்படியொரு வெள்ளிக்கு மறுநாள் காலை, மூலவர் தோளில் சார்த்தியிருந்த வெள்ளிவேலைக் காணவில்லை.

அன்று மாலையே கோயில் குழு கூடியது. தலைவர் என் பிரிவின் ஃபோர்மேன். நான் செயலர். பேச்சு நீளவில்லை. வெள்ளியன்று உள்ளே போனவள் அவள். சனியன்று வேல் இல்லை. ஆகவே எடுத்தவள் அவள். “சாமி, நல்ல தமிழ்ல தீர்மானமா எழுதிடுங்க. போலீசு கீலீசு வேணாம், கோயில் பேரு கெட்டுடும். இனிமே வரவேண்டாம்னு சொல்லிடுவோம்” என்றார் தலைவர்.

சுவர் சாய்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. உன் மாணவன் அல்லவா! வேறு யாரேனும் உள்ளே போயிருக்கலாமே என்ற வாசல் அகலத் திறந்து கிடந்தது. நான் பேனாவை எடுத்து அவ்வாசலை அடைத்தேன். ‘அன்றைய பொழுதில் ஆலயத் திறவுகோல் பிறிதெவர் கைக்கும் சென்றிலது என்பது ஐயமற விளங்குதலின்’ என்று எழுதினேன். தட்டினால் கணீரென்று ஒலிக்கும் வாக்கியம்.

மாற்றுச் சாவி என் வீட்டில், பூசையறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளி நண்பகலில் தலைவரின் மைத்துனர் வந்து, விழாத் தோரணத்துக்கு அளவெடுக்கவேண்டும் என்று அதைக் கேட்டு வாங்கிச் சென்றார்; மாலையில் திருப்பித் தந்தார். இவ்வளவும் அறிந்த கைதான் அவ்வாக்கியத்தை எழுதியது. சொன்னால் தலைவர் வீட்டாரைக் குற்றஞ்சாட்டியதாகும். பதவி உயர்வுக்கு மேலிடம் பார்க்கும் என் இரகசியக் குறிப்பை எழுதுபவர் அவர். சாவி என்னிடம் இருந்தது என்றால் என் பெயரும் இழுபடும். நண்பா, அழுகிய பண்டத்தின் மேல் ஈ மொய்ப்பது போன்ற காரணங்கள் இவை. இன்று எழுதும்போதும் கை கழுவவேண்டும் போலிருக்கிறது.

கோயில் முன் கூடிய குடியிருப்பினர் நடுவே தனம்மாவை நிறுத்திவைத்து, தீர்மானத்தை நானே உரக்கப் படித்தேன். குரலில் ஏற்ற இறக்கம்கூட இருந்தது. நீ கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாய்.

“ஒரே ஒரு கேள்வி சார். கோயிலுக்கு இன்னொரு சாவி கீதே, அது யாராண்ட இருந்திச்சு?”

தலைவர் உன் பக்கம் திரும்பினார். “என்னப்பா, உங்க ஊர்க்காரிக்கு முட்டுக் குடுக்க வந்துட்டியா?”

“முட்டு குடுக்கல சார். கேள்வி கேக்கறேன். சாமி சொல்லட்டும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தனம்மாவும் பார்த்தார். நான் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் ஒரு மனிதன் ஒரு பக்கத்தைப் பார்க்கமுடியும் என்பதை அன்று அறிந்தேன். பிறகு தலைவர், “சரி, கலைஞ்சிடலாம்” என்றார்.

இரண்டு வாரம் கழித்து மைத்துனர் சிரித்துக்கொண்டே வந்தார். கையில் வேல், பொன்முலாம் பூசியிருந்தது. பூந்தமல்லியில் கொடுத்துவிட்டு வேலையாகச் சேலம் போய்விட்டாராம். விழாவுக்கு எல்லாரையும் வியக்கவைக்க எண்ணினாராம். குழுவினர் வியந்தார்கள். அன்றைய தீர்மானத்தையும் நான்தான் எழுதினேன்: ‘திருவருளால் வேல் பொன்னொளி பெற்று மீண்டும் எழுந்தருளியது.’ தனம்மா என்ற பெயர் அதில் இல்லை. அவரை அழைக்கவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, செயலரும் சொல்லவில்லை.

தொழிற்சாலை வாசலில், மிதிவண்டி நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்தாய். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். சாதாரணமாகத்தான் பேசினாய்.

“தனம்மாக்காவாண்ட போயி சொல்லிட்டேன், வேலு கெடச்சிடுச்சுன்னு. அந்தம்மா ஒன்னே ஒன்னு கேட்டாங்க. அத்த எய்தினது யாருன்னு. நான் சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? நான்தான் கத்துக் குடுத்தேன்னா?” பூட்டைத் திறந்தபடியே, “இனிமே கிளாசு கெடையாது சாமி. வேற ஆளப் பாத்துக்கோங்க” என்றாய்.

அந்த வருடத் தேர்வில் நான் தேறினேன். முட்டுக் கேள்விகளில் ஒன்றும் தவறவில்லை. நீ எழுதவே வரவில்லை. கடைசி வரை கடைசலிலேயே நின்றாய். அதன் பிறகு வழியில் கண்டால் “இன்னா சாமி” என்பாய். அதில் கோபம் இராது. அழுக்குத் துணியைக் காலால் ஒதுக்குபவன் முகத்தில் என்ன இருக்குமோ, அதுவே இருக்கும். அது நியாயம் என்று எனக்கும் தெரிந்திருந்தது. ஆகவே நானும் நெருங்கவில்லை. சென்ற ஆண்டு நீ மறைந்த செய்தி, காரியமும் முடிந்த பிறகு எனக்கு வந்தது.

அதன்பின் ஒருநாள் ரயிலேறி நெமிலிச்சேரி சென்றேன். தனம்மா வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கோயிலை விட்ட பின் குடியிருப்பில் ஒரு வீட்டிலும் அவரைச் சேர்க்கவில்லையாம். அம்பத்தூரில் ஓர் ஆலைச் சமையற்கூடத்தில் பத்தாண்டு பாத்திரம் கழுவிக் காலத்தை ஓட்டியிருக்கிறார். நான் நின்றபடியே சொல்லவேண்டியதைச் சொன்னேன். சாவியைச் சொன்னேன். மைத்துனரைச் சொன்னேன். எழுதியவன் நான் என்று சொன்னேன்.

அவர் கீரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “தெரியுமே. வேற யாரு அப்டி எய்துவா? நீ படிக்கசொல்ல பாட்டு மாரி இருந்திச்சு. ஒன்னும் புரியல எனக்கு. அயகா கீதேன்னு கேட்டுகினே நின்னேன். அப்பால பாத்தா எல்லாரும் என்னியப் பாக்கறாங்க.”

“என் நண்பர் உங்களிடம்...”

“அவரு சொல்லல. எனக்குத் தெரியும்னு நானும் சொல்லல. பாவம், உன்மேல உசுரா இருந்தாரு.”

மன்னிக்கவேண்டும் என்றேன்.

“கேட்டுட்டல்ல? கெளம்பு. அஞ்சு மணி வண்டி உட்டா நிக்கணும்.”

மறுநாள் குடியிருப்புக் கோயிலுக்குச் சென்று பழைய தீர்மானப் புத்தகத்தைக் கேட்டேன். இப்போதைய தலைவர் இளையவர், “இதெல்லாம் எதுக்கு சார் இப்ப?” என்றபடியே எடுத்துத் தந்தார். என் பழைய வாக்கியத்தின் கீழே, ‘மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது, மறைத்தேன், தனம்மா குற்றமற்றவர்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எழுதி முடிக்க அரை நிமிடம் ஆகவில்லை. அந்த அரை நிமிடத்துக்காக அவர் பத்தாண்டு பாத்திரம் கழுவினார்.

நாள்தோறும் சந்நிதியில் நின்று பாடுகிறேன், அதை விடமுடியவில்லை. ஆனால் அழகான அடி ஒன்று வரும்போது, என் குரல் தானாக உயர்ந்து இழையும்போது, ஒரு பெண் ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டு நிற்பது தெரிகிறது. நாக்கு கூசுகிறது. அவ்விடத்தில் குரலைத் தாழ்த்தி, பேச்சைப் போலச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் எனக்கு மூச்சு வாங்குகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.