நடந்து பார்த்தேன் என்று சொன்னேன்

1957 ஆகஸ்ட் 5, திங்கள்

விடியலிலிருந்து மழை. பாதி வழியில் சைக்கிள் செயின் அறுந்தது. பத்து பெரெண்டாம் ஊர் வரை தள்ளிக்கொண்டே போய், ஆபீசுக்குத் தாமதம். வெள்ளைக்காரத் துரை முறைத்தான். நாட்டை விட்டுப் போகப் போகிறவனுக்கு என்ன முறைப்பு வேண்டியிருக்கிறது.

மாலையில் வீட்டுக்கு வக்கீல் கடிதம். ஆங்கிலம். அனுப்பியவள் அஞ்சலை. நான்கு வீடு தள்ளிப் பால் விற்கிறவள். முன்பு எங்கள் தோட்டத்தில் பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவள். தினமும் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது அவள் பேரைக் கூப்பிட்டதே நான்தான்.

கடிதத்தின் சாரம்: ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பங்கு வாங்கும்படி நான் பொய் சொல்லி நம்ப வைத்தேன், ஆகவே நஷ்டத்துக்கு நானே பொறுப்பு. ஆறு மாட்டையும் விற்றுத்தான் பங்கு வாங்கினாள். தொழுவம் காலி.

பங்கு விற்றவன் சிங்காரம். (இனி சி. போதும். முழுப் பேரையும் எழுதக் கை கூசுகிறது.) கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். பிடிக்கக் கிடைத்த கழுத்து என்னுடையதுதான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

லாயர் ஆபீசில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். புழுக்கம். அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான், வாயால் சொன்னது என்ன வார்த்தை?

“‘நல்லா வரும்’னு சொல்லியிருந்தா அது உங்க அபிப்பிராயம். தப்பிச்சிக்கலாம். ‘நான் பாத்தேன்’னு பாக்காமயே சொல்லியிருந்தா மாட்டிக்குவீங்க.”

அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். சி. என்னைக் காரில் கூட்டிப்போனான். கேட் பூட்டியிருந்தது. கம்யூனிஸ்ட் நடமாட்டம், பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றான் காவல்காரன். ரோட்டில் நின்று பார்த்தேன். வரிசை வரிசையாக நல்ல மரம். திரும்பும் வழியில் சி. கோழிக்கறிச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். மறு வாரம் அவன் அனுப்பிய சைக்கிள் வந்தது. அதே சைக்கிள்தான்.

அந்த மரமெல்லாம் அடுத்த தோட்டத்து மரம் என்று பிறகுதான் தெரிந்தது. சி. விற்ற நிலம் முழுக்க லாலாங் புல், ஒன்றுக்கும் உதவாத களை.

அஞ்சலை தன் அடுப்படியில் வைத்துக் கேட்டாள், கிராணி ஐயா நேரில் பார்த்தீர்களா என்று. இருபது வருஷம் தோட்டக் கணக்கு எழுதிய கிராணி. கேட்டுக்கு வெளியே நின்றேன் என்று ஒரு பால் மரக்காரியிடம் எப்படிச் சொல்வது? உள்ளே நடந்து பார்த்தேன், இரண்டு வருஷத்தில் பால் வெட்டலாம் என்றேன். கௌரவம். வேறொன்றும் இல்லை. சைக்கிளும்தான்.

சாட்சி உண்டா என்றார் லாயர். நாங்கள் இரண்டு பேர் மட்டும். எழுத்து? இல்லை.

“அப்ப நீங்க சொல்லல,” என்றார்.

ஆகஸ்ட் 7, புதன்

கோயில் தலைவர் வந்தார். காப்பி குடிக்கவில்லை. அஞ்சலைக்குக் கோர்ட்டில் நம்பிக்கை இல்லையாம். வருகிற ஆடி வெள்ளி, மாரியம்மன் சந்நிதியில் நான் கற்பூரம் அணைத்து, அப்படிச் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். பண்ணினால் தன்னிடமுள்ள கடித நகலைக் கிழித்து வழக்கை விட்டுவிடுவாள்.

லாயரிடம் ஓடினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அணைத்துவிட்டு வாருங்கள், இவ்வளவு மலிவாக எந்தக் கேஸும் முடிந்ததில்லை என்றார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வாங்க: செயின், மண்ணெண்ணெய், சின்னவனுக்கு சிலேட்டு.

மனைவி சரசு அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: “அணைச்சிட்டு வாங்க. வீடு போனா எங்க போறது?”

சாயந்திரமே பிள்ளைகளை செமாபோக்கில் தன் அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். சத்தியம் பிள்ளைகள் மேல் இறங்கும் என்ற பயம் அவளுக்கு. நான் பொய் சொல்லப் போகிறேன் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஆகஸ்ட் 9, ஆடி வெள்ளி

கூட்டம். கூழ் வாசனை. தலைவர் வெற்றிலை மேல் கற்பூரத்தை ஏற்றினார். அஞ்சலை எதிரே, வெள்ளைப் புடவை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. அவள் தலையையாவது குனிந்திருக்கலாம்.

சொல்லவில்லை என்றேன். அடித்து அணைத்தேன். சுட்டது.

அங்கேயே கடிதத்தைக் கிழித்தாள். சொன்ன சொல் தவறாதவள். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு தின்றேன், வெட்கம் கெட்டவன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

உள்ளங்கையில் கொப்புளம். பேனா பிடிப்பதே கஷ்டம்.

காலையில் அஞ்சலை வந்தாள். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். வாசலில் என் காலைத் தொட்டாள்.

“மாடு போன ஏக்கத்துல புத்தி கெட்டுப்போச்சு, கிராணி ஐயா. நீங்க சொல்லாதத சொன்னதா நெனச்சிட்டேன். அம்மன் முன்னால பொய் சொல்வீங்களா நீங்க? உங்க பேர சந்தியில இழுத்துட்டேன்.”

தன் காதில் விழுந்ததையே நம்பாமல் போய்விட்டாள். மாட்டைப் பிடுங்கினோம், இப்போது அதையும் பிடுங்கிவிட்டேன். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். பின்னால் சரசு பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போட்டாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 31, சனி

மெர்டேகா, சுதந்திர நாள். தெருவெல்லாம் கொடி. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சின்னவனுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான். சரசு என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

வெயில். சைக்கிளை புக்கிட் ரம்பாய்க்காரன் ஒருவனுக்கு விற்றாயிற்று.

மத்தியானம் அஞ்சலை. கையில் பிரஜாவுரிமை பாரம். எல்லாரும் எழுதிக் கொடுக்கிறார்கள், அவளுக்கும் எழுத வேண்டும். தெருவில் படித்த பையன்கள் எத்தனையோ பேர். கிராணி ஐயா பார்த்தால்தான் மனசுக்குத் திருப்தியாம்.

எழுதி முடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். திருப்பிப் பின்பக்கமும் படித்தேன். மறுபடி முதலிலிருந்து. அவளே அலுத்துப்போய்க் கேட்டாள், “எல்லாம் சரியா இருக்குல்ல? பாத்தீங்கல்ல?”

நான் பதில் சொல்வதற்குள் பெருவிரலை வைத்துவிட்டாள்.