கடிக்கும் என்று நீ சொன்ன நாய்

இன்று காலை நாய்கள் காப்பகத்திலிருந்து ஒரு குட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். சுக்கு வந்த பழைய அட்டைப்பெட்டி. அதைத் திறந்ததும் சுக்கு வாசனையும் குட்டியின் மூத்திர வாடையும் கலந்து அடித்தது. உன் வீட்டு வாசலில் எப்போதும் இருந்த வாடை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் ஒரே கிடங்கில் சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள். நான் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள். நீ கொச்சியில் இந்த மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள், உன் தமிழில் பாதி மலையாளம். ஞாயிற்றுக்கிழமை தோறும் காப்பகத்தில் கூண்டு கழுவப் போவாய். ஒருநாள் என்னையும் இழுத்துப் போனாய். சின்ன வயதில் கெண்டைக்காலில் கடிபட்டவள் நான். குழாயடியை விட்டு நகரவில்லை. வாளி நிரப்பிக் கொடுப்பதோடு சரி.

மலையாளத்தில் பட்டி என்றால் நாய், பேடி என்றால் பயம். என் ஊர்ப் பெயர் பட்டியில் முடியும் என்று தெரிந்த அன்று நீ சிரித்த சிரிப்பு! "எடீ, ஊர்ப் பேர்லயே பட்டி இருக்கு, பின்னே என்ன பேடி உனக்கு?"

பஜார் ரோட்டில் வண்டி ஏறிப் பின்னங்கால் முறிந்த செவலை நாயை, கால் கூடும்வரை வீட்டில் வைத்துக்கொள்ளக் காப்பகத்திலிருந்து வாங்கி வந்தாய். குட்டன் என்று பேர் வைத்தாய். காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு காயலோரம் போவாய், வேலைக்கு ஓடி வருவாய், மத்தியானச் சோற்றில் பாதியைக் கட்டி எடுத்துப் போவாய். நான் முதன்முதலாகத் தொட்ட நாய் அவன்தான். நீ அவன் காதைப் பிடித்துக்கொண்டாய், நான் முதுகில் ஒரு விரலை வைத்தேன்.

கால் கூடியது. வளர்க்க விரும்பியவர்கள் இரண்டு தடவை பார்க்க வந்தார்கள். இரண்டு தடவையும் நீ வாசலை மறித்து நின்று, "கடிக்கும்" என்றாய். அவர்கள் போய்விட்டார்கள்.

காப்பகத்தைக் கவனித்துக்கொண்ட டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சத்தியமா சொல்லு. கடிக்குமோ?"

கடிக்கிற நாய்க்கு அங்கே தனிக் கூண்டு. அதற்குள் போனதை யாரும் வீட்டுக்குக் கேட்க மாட்டார்கள். நீ குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரோ ஓணம் வரைக்கும்தான் நாய் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். ஓணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. உன் பொய் அவனை எங்கே கொண்டுபோய் விடும் என்று நீ யோசிக்கவில்லை. யோசிக்கப் பயந்தாய் என்று இப்போது தோன்றுகிறது.

"கடிக்காது டீச்சர். அவளுக்குக் கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான்" என்றேன்.

காயலுக்கு அக்கரையில் இருக்கும் வைப்பினிலிருந்து ஒரு குடும்பம் வந்து குட்டனைக் கூட்டிப் போனது. மறுநாள் கிடங்கில், என் பக்கத்திலிருந்த உன் சாக்கை இழுத்துக்கொண்டு மறுகோடியில் போய் உட்கார்ந்தாய். மூன்று மாதம் ஒரு பேச்சில்லை. உன் இருமலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு விடியற்காலை கதவைத் தட்டினாய். கையில் கண் திறக்காத குட்டி.

"எனக்கு ஆஸ்பத்திரி போகணும். இதைப் பிடி."

"எனக்கா?"

"பின்னே யாருக்கு? ரண்டு மணிக்கூருக்கு ஒருக்கா பால் கொடுக்கணும்."

பிடித்தேன். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டேன். நீ படியிறங்கிவிட்டுத் திரும்பினாய். "நீ அன்னைக்குச் சொன்னது சரின்னு நான் சொல்ல மாட்டேன், கேட்டியா."

"சொல்ல வேண்டாம்."

"சாயா உண்டா?"

இருந்தது. குடித்துவிட்டுத்தான் போனாய்.

நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தபின் நீ கேட்டது ஒன்றுதான், குட்டனைப் பார்க்க வேண்டும் என்று. படகில் அக்கரை போனோம். தாங்கித் தாங்கி ஓடிவந்தான். உன் மேல் ஏறி முகமெல்லாம் நக்கினான். நீ அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதேதோ மலையாளத்தில் பேசினாய். அதற்குள் அந்த வீட்டுக் கொழுகொழுக் குழந்தை படியில் நின்று அவனைப் புதுப்பேர் சொல்லிக் கூப்பிட்டது. உன் கையிலிருந்து நழுவி ஓடிவிட்டான். நீ சட்டென்று எழுந்து தெருவுக்கு நடந்தாய். நான் பின்னால் வந்தேன்.

திரும்பும் படகில் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாய்: "நான் நடந்தப்போ அவன் திரும்பிப் பாத்தான், இல்லே?"

"பாத்தான்" என்றேன்.

பார்க்கவில்லையடி. அந்தக் குழந்தையின் கையிலிருந்த பப்படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரிடம் அவ்வளவு துணிச்சலாக உண்மை சொன்னவளுக்கு, உன்னிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த மழைக்கு நீ இல்லை.

உனக்குப் பிறகு ஏழு குட்டிகளை வளர்த்துக் கொடுத்துவிட்டேன். ஒன்றும் திரும்பிப் பார்த்ததில்லை. நல்ல வீடு கிடைத்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் வருகிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு தெருவில் நடக்கும்போது, பக்கத்தில் ஒருத்தி வந்து "பாத்தான்டீ" என்று சொன்னால் தேவலை என்று இருக்கிறது.