ஆமை முதுகில் முதற்சோறு வைக்கலாகாது

மழை பிழையாத வெண்கோட்டு மலைக்கு உடையவரும், ஏழு சுனைக்கும் இரு கணவாய்க்கும் காவலரும், அடைந்தார்க்கு நிழலும் அகன்றார்க்கு நினைவுமாகிய கோப்பொற்கழலர் திருவுளம் கொண்டு விடுக்கும் ஓலை. கரும்புறவு நாட்டு அரண்மனையில் சேய்மாடத்து அதிகாரியாய் வீற்றிருப்பவரும், அமைச்சர் குடிக்கு விளக்கும், எழுத்துமண்டபத் தேர்வில் மூன்றாம் இடம் பெற்றவருமான அமுதவேணி நங்கையார் கண்டு கைக்கொள்க. உங்கள் வயல் விளைக. உங்கள் ஆறு கரைக்குள் ஓடுக. உங்கள் தொட்டில் எதுவும் வெறுமையாய் ஆடாதிருக்க.

நலம் உசாவுதல் பின்னர். முதலில் ஆணை. வரும் முழுமதி நாளில், ஏழு திங்கள் நிரம்பிய இளவரசி நறுமுகைக்கு, இங்கிருந்து வந்த மெத்தனன் என்னும் ஆமையின் முதுகில் சோறு வைத்து ஊட்டலாகாது. உங்கள் முன்னோர் கல்லில் செதுக்கி வைத்த ஆமை பண்டசாலையில் இருக்கும். அதைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, அதன்மேல் புதுத் தலைவாழை இலை விரித்துச் சடங்கை நடத்துக. ஆமைபோல் நீண்ட ஆயுள் வேண்டுமென்றே கரும்புறவார் இதைச் செய்கின்றனர். உயிருள்ள ஆமை கிடைத்தபின் கல் எதற்கு என்று நினைத்தது பிழை. ஆமைக்கு நோய் இல்லை. ஆனால் அது நோயைச் சுமக்கும். அதன் ஓட்டிலும், கிடக்கும் நீரிலும் கண்ணுக்குத் தெரியாத வயிற்றுநோய் உண்டு. பெரியவர்க்கு அது ஒரு நாள் வயிற்றுவலி. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு உயிர்.

இவ்விதி முன்பு அனுப்பிய ஓலைக்கட்டில் ஏன் இல்லை என்று நங்கையார் வினவலாம். வினவவேண்டும். அதற்கு விடையாகவே இனி வருவன எழுதப்படுகின்றன. எழுதும் கை ஊர்வன மாடத்து மேலாள் முளரியுடையது. நடந்ததில் ஒன்றையும் விடாமல் அவளே எழுதவேண்டும் என்பதும், தன்னை அயலாள்போல் பெயர் சொல்லியே எழுதவேண்டும் என்பதும் மன்னர் ஆணை.

முளரியை நங்கையார் அறிவார். உங்கள் அவையோர் அறியார். அவள் பிடாரன் மகள். பாம்பு பிடித்தும் உடும்பு பழக்கியும் பிழைக்கும் குடியில் எழுத்தாணி தொட்ட முதல் ஆள். எழுத்துமண்டபத்தில் ஐந்தாண்டும் அமுதவேணியாருக்கு அருகிலேயே இருந்தாள். அருகு என்பது பாய்க்கும் வெறுந்தரைக்கும் உள்ள அருகு. ஐயம் தெளிய நங்கையார் அவள் ஓலையைத்தான் கேட்பார். வாங்கி மூக்கருகே கொண்டுபோய், “அடி முளரி, ஏடெல்லாம் பாம்பு வாடை வீசுதடி” என்பார். தோழியர் சிரிப்பர். படியெடுத்து முடியும்வரை அந்த வாடை நங்கையாரை ஒன்றும் செய்ததில்லை. தேர்வில் முளரி முதலிடம்.

சென்ற ஆண்டு கரும்புறவு மன்னர் நட்பின் அடையாளமாக ஆமை ஒன்றும், உடும்பு ஒன்றும், மலைப்பாம்பு ஒன்றும் கேட்டார். அவற்றையும் குழந்தைகளையும் ஒரே மாடத்தில் தீங்கின்றிப் பேண அறிந்த பெண் ஒருத்தியையும் கேட்டார். முளரி தன் இரண்டு சேலையையும் மடித்து வைத்துவிட்டாள். மன்னர் அழைத்து, “பிடாரன் மகள் கைபட்ட தொட்டிலை அங்கே ஆட்டமாட்டார்கள், அம்மா. நீ அறிந்ததை எழுதிக் கொடு. அமைச்சர் மகள் போகட்டும்” என்றார். இதையும் எழுதுக என்று மன்னரே இன்று பணித்தார், ஆதலின் எழுதப்பட்டது.

அவள் நாற்பது ஏடு எழுதவேண்டும். முப்பத்தொன்பது எழுதினாள். எழுதியவற்றில் பொய் இல்லை. மலைப்பாம்பின் பேழைக்கு மூடி போதாது, தாழும் வேண்டும் என்று எழுதினாள். பாம்பும் மூடியைத் தூக்கிப் பார்க்கும், நாலு வயதுப் பிள்ளையும் தூக்கிப் பார்க்கும், இருவரில் பாம்பே பொறுமையுடையது. உடும்பு இருக்கும் அறையில் தொட்டில் கட்டலாகாது என்றும், இறைச்சியோ பாலோ மணக்கும் விரலை அது இரையென்றே கொள்ளும், அதில் அதன் குற்றம் ஒன்றுமில்லை என்றும் எழுதினாள். இரையைக் கையால் நீட்டாமல் நீண்ட இடுக்கியால் நீட்டுக என்றாள். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் பிள்ளையையும் ஊர்வனவற்றையும் ஒன்றாய் விடலாகாது, உறங்கும் பெரியவர் கணக்கில் சேரார் என்றும் எழுதினாள். ஆமையைப் பற்றி எழுதியது, அது கீரை உண்ணும் என்பது மட்டுமே.

எழுதாமல் விட்டவை இவை. ஆமையைத் தொட்ட கையைச் சாம்பலிட்டு ஓடும் நீரில் கழுவாமல் வாயருகே கொண்டுபோகலாகாது. பிள்ளை அதை முத்தமிடலாகாது. அதன் தொட்டியை மடைப்பள்ளியில் கழுவலாகாது. அது உலாவிய தரையில் குழந்தையைத் தவழவிடலாகாது. பிடாரர் குடியில் இவற்றை எழுத்தின்றியே எல்லோரும் அறிவர். அறிந்தும் ஒருநாள் மறப்பர். முளரிக்கு ஒரு தங்கை இருந்தாள். ஆமைத் தொட்டி நீரை அள்ளி விளையாடினாள். எட்டு நாள் காய்ச்சலும் கழிச்சலும். ஒன்பதாம் நாள் தொட்டில் துணியைத் துவைத்தவள் முளரியே.

நங்கையாரின் பல்லக்குப் புறப்பட்ட நாளில் சங்கு ஊதினார்கள். முளரி கூண்டு கழுவிய துடைப்பத்தோடு மதிலோரம் நின்றாள். திரை விலகியது. “ஏடு முழுதும் இருக்கிறதல்லவாடி? பிறகு நான் விழிக்கக்கூடாது” என்று நங்கையார் கேட்டார். இருக்கிறது என்றாள் முளரி. பிள்ளைகளுக்கு வயிறு கொஞ்சம் கெடும், இவள் பெயரும் கொஞ்சம் கெடும், அப்போது தெரியும் யாரை அனுப்பியிருக்கவேண்டும் என்று அவள் எண்ணினாள். தன் தங்கைக்கும் முதல்நாள் கொஞ்சந்தான் கெட்டது என்பதை எண்ணாதிருக்கப் பழகிக்கொண்டாள். பொறாமை நல்ல ஆசான். அதனிடம் எதையும் மறக்கக் கற்கலாம்.

நேற்று நங்கையாரின் அழைப்போலை வந்தது. பொன்பூச்சு ஓரம். சடங்கின் நாளும், ஆமை முதுகில் சோறு வைக்கும் சிறப்பும் அதில் இருந்தன; நங்கையார் அழைத்தால் மெத்தனன் கழுத்தை நீட்டிக்கொண்டு வருகிறது என்றும் இருந்தது. முளரி அதை முட்டையிலிருந்து வளர்த்தவள். பன்னிரண்டு ஆண்டு தன் கையால் கீரை கிள்ளிப் போட்டவள். ஒருநாளும் அது அவளுக்காகத் தலையை வெளியே விட்டதில்லை. ஆணைக்கு அடங்கி இதையும் எழுதுகிறாள்: அழைப்பில் அவள் முதலில் படித்தது கழுத்தை நீட்டிய செய்தியை. அதிலேயே வெந்துகொண்டு நெடுநேரம் நின்றாள். குழந்தையின் பெயர் அதற்குப் பிறகே கண்ணில் பட்டது. நறுமுகை. ஏழு திங்கள். பல் முளைக்கும் பருவம். எதையும் வாயில் வைக்கும்.

அவை கூடியிருக்கும்போதே போய் நின்று சொன்னாள். மறந்தாயோ என்று மன்னர் வினவினார்.

“மறக்கவில்லை, கோவே. விட்டேன்.”

“ஏன்?”

“அவளுக்குப் பல்லக்குக் கொடுத்தீர்கள்.”

அவையில் ஒருவர் நகைத்தார். மன்னர் திரும்பிப் பார்த்தபின் நகைக்கவில்லை. பொறாமை இப்போதேனும் தீர்ந்ததா என்று மன்னர் கேட்டார். தீரவில்லை என்றாள். தீரும்வரை காத்திருக்க நாள் இல்லை என்றும் சொன்னாள். “இதை இப்படியே எழுது. பல்லக்குக் கொடுத்தது என் பிழை. ஏட்டை விட்டது உன் பிழை. இரண்டும் இருக்கட்டும்” என்று மன்னர் மொழிந்தருளினார். ஊர்வன மாடத்துத் திறவுகோல் அவளிடமிருந்து வாங்கப்பட்டது. அவள்மேல் உள்ள வழக்கு அவள் திரும்பிய பின் கேட்கப்படும்.

அரசபாட்டையில் குதிரைக்கு ஐந்து நாள். முழுமதிக்கு இருப்பது மூன்று. பாறை இடுக்கு வழியே பிடாரர் தடம் ஒன்று உண்டு. குதிரை ஏறாது, பல்லக்கும் ஏறாது, கால் ஏறும். இரண்டு நாள். அத்தடம் அறிந்தவர் இவ்வரண்மனையில் ஒருத்தியே. ஆதலின் இவ்வோலையைக் கொண்டு வருபவளும் முளரியே. பிடாரன் மகளின் வாய்ச்சொல்லுக்குக் கரும்புறவுக் கோட்டை திறவாது என்பதை மன்னர் அறிவார். தம் வேங்கை முத்திரைக்குத் திறக்கும் என்பதையும் அறிவார். அதற்காகவே இத்தனை ஏடு.

இது அவையில் உரக்கப் படிக்கப்படுக. அவள் குற்றத்தைச் சொல்லும் பகுதியைப் படிக்குங்கால் அவளை வெளியே நிறுத்தலாகாது. படித்து முடியுமுன்பே ஆமையின் தொட்டியைச் சேய்மாடத்தினின்று அகற்றுக. இதுவரை அதைத் தொட்ட செவிலியர் யாவர், அவருள் அமுது பிசைபவர் யாவர் என்று முளரி கேட்பாள். முகம் சுளியாமல் விடை தருக. இளவரசிக்குக் காய்ச்சல் தொடங்கியிருப்பின் மருத்துவருக்கு முன் அவளிடம் சொல்லலாகாது. மருத்துவரிடமே முதலில் சொல்க.

வேங்கை முத்திரை இட்டு, ஈர மண்ணில் பதித்து, சித்திரைத் திங்கள் வளர்பிறைப் பன்னிரண்டாம் நாள் முற்பகலில் விடுக்கப்பட்டது. இதைத் தடுப்பவர் வெண்கோட்டைத் தடுத்தவர்.

இன்னும் ஒன்று. யாவும் முடிந்தபின் அவள் இளவரசியைத் தூக்கக் கேட்கமாட்டாள். ஓரமாய் நின்று பார்ப்பாள். பாறை வழி நெடுகப் பாம்புப் புற்றும் பல்லியும் தொட்டு வருபவள். சாம்பலும் நீரும் கொடுத்துக் கை கழுவச் செய்து, குழந்தையை அவள் கையில் கொடுக்க. இதுவும் ஆணை.