டி மேஜரில் ஒரு நடை

நேற்று கோயிலில் ஒரு கல்யாணம். ஆர்கன் இருந்த இடத்தில் இப்போது மின்சார கீபோர்டு. பெண் வாசலில் வந்து நின்றதும் உமது பாட்டைத்தான் தொடங்கினார்கள். ஒரு பித்தானை அமுக்கினால் ட்ரம்பெட் சத்தம், இன்னொன்றை அமுக்கினால் சுருதி இறங்குகிறது, வேறொன்றில் வேகம் கூடுகிறது. மூச்சு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆல்டர் மேலிருந்த மெழுகுவர்த்தித் தண்டுகளை அன்று காலையில்தான் துலக்கியிருக்க வேண்டும். அந்தப் பித்தளை பாலிஷ் வாசனையில் நீர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. பாட்டு முடிவதற்குள் எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் எது எடுத்தாலும் சீக்கிரம் அலுத்துவிடுகிறது.

உமது பாட்டு என்று நான்தான் சொல்கிறேன். அதை எவனோ ஒரு வெள்ளைக்காரன் இருநூறு, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதினான். இழுத்து வாசித்தாலும் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ராணுவ பாண்டில் ட்ரம்பெட் ஊதியபோது கற்றீர். ஓய்வு பெற்று டெல்லியிலேயே தங்கிய பிறகு, முகூர்த்த நாட்களில் சிவப்புக் கோட்டு மாட்டி மாப்பிள்ளைக் குதிரைக்கு முன்னால் சினிமாப் பாட்டு ஊதினீர். குதிரை மிரளும் வேகத்தில் ஊதச் சொல்வார்கள் என்று திட்டுவீர். அந்தச் சத்தத்தையெல்லாம் காதிலிருந்து கழுவ ஞாயிற்றுக்கிழமை இந்தப் பாட்டு வேண்டும் உமக்கு.

என் மகளுக்கு ஜனவரியில் கல்யாணம் என்று நிச்சயமானது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் உமக்கு மேல்வரிசையில் ஒரு பல் விழுந்திருந்தது. உதட்டைத் தாங்குவது அந்தப் பல்தான், அது இல்லாமல் உச்சி ஸ்வரம் நிற்காது என்பதெல்லாம் அன்றுவரை எனக்குத் தெரியாது. நீர் வாசிக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. உச்சியில் தவறிவிட்டால் சபைக்கு முன்னால் அதுவே உமது கடைசி வாசிப்பாகிவிடும் என்பது உமது பயம். நான் யாவாரி, யாவாரி மாதிரியே பேசினேன்.

"ரெண்டு சுருதி எறக்கி வாசியும் வே. எல்லாரும் பொண்ணு சேலையத்தான் பாப்பாவ. எவனுக்குத் தெரியப் போவுது?"

"எறக்கினா பாட்டு இருக்கும் வே. வெளிச்சம் இருக்காது."

பிறகு விளக்கினீர். அந்தக் காலத்து ட்ரம்பெட்டில் அமுக்குகிற கட்டைகளே கிடையாதாம். குழலையே டி சுருதிக்கென்று வளைத்தார்களாம். குழல் தானாகக் கொடுக்கும் ஸ்வரங்களை வைத்தே கட்டிய பாட்டு, அதை இடம் மாற்றினால் வெயில் விழாது என்றீர். சந்தோஷமான பாட்டுதான், ஆனால் துள்ளுகிற சந்தோஷம் இல்லை. நடுவில் ஓரிடத்தில் மைனர் என்கிற சோக சுருதிக்குப் போய் முகம் வாடும், மறுபடி வீட்டுக்கு வந்துவிடும். எல்லாம் பட்டு முடித்தவன் நிமிர்ந்து நிற்கிற மாதிரி என்றீர்.

வேகத்துக்காக என் ஐ.என்.ஏ. மார்க்கெட் கடையிலேயே ஒத்திகை வைத்தீர். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நானும் மகளும் நடக்க வேண்டும், நீர் வாயாலேயே பாடித் தாளம் போடுவீர். பாட்டின் கடைசி ஸ்வரமும் பெண்ணின் கடைசி அடியும் ஒன்றாக விழ வேண்டும். நானோ சைக்கிள் கேரியரில் அப்பளக் கட்டு வைத்து வீடு வீடாக விற்று மேலே வந்தவன். மெதுவாக நடப்பது என்றால் எனக்கு நஷ்டம்.

"ஓடுத பஸ்ஸப் புடிக்கப் போறவன் மாதிரி வாறீரே வே. உம்ம மவளப் பாத்துப் படியும்."

மகள் சிரித்துச் சிரித்து மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தேங்காய் எண்ணெய் வாங்க வந்த பஞ்சாபி அம்மாள் ஒருத்தி, எனக்கு முதுகுவலியா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

கல்யாணத்தன்று கோயிலுக்குள்ளேயே பனிமூட்டம் நின்றது. குளிரில் பித்தளை சுருதி இறங்கும் என்று ட்ரம்பெட்டைக் குழந்தை மாதிரி சால்வைக்குள் வைத்திருந்தீர். சுருதி இறக்காமல் டி மேஜரிலேயே எடுத்தீர். நானும் ஒழுங்காகவே நடந்தேன். பாட்டு மைனருக்குப் போய், வீட்டுக்குத் திரும்பி, ஆல்டருக்கு ஓர் அடி இருக்கையில் அந்த உச்சி ஸ்வரம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. ஆர்கன் வாசித்த டீச்சரம்மா கையை எடுத்துவிட்டார். பாதிரி ஐயர் புத்தகத்தைத் திறந்தார். நான் மகளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். எப்படியாவது மறைத்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

அவள் அசையவில்லை. எடுத்த காலை அப்படியே வைத்துக்கொண்டு, "பப்பா, ருகியே, நில்லுங்க. மாமா இன்னும் முடிக்கல," என்றாள். எல்லோருக்கும் கேட்டது.

சபை முழுக்கக் காத்திருந்தது. மாப்பிள்ளையும் காத்திருந்தார். நீர் உதட்டைத் துடைத்து, மூச்சை இழுத்து, அந்த ஸ்வரத்தை மட்டும் வாசித்தீர். கொஞ்சம் நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை. அதன் மேல் அவள் கடைசி அடியை வைத்தாள். சாப்பாட்டுப் பந்தியில் பாயசத்தை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கினீர்.

உமது அடக்கத்தன்று வாசிக்க ஆள் இல்லை. பெட்டியின் முன்மூலையை நான் பிடித்திருந்தேன். எல்லோருக்கும் ஆபீசுக்குத் திரும்புகிற அவசரம். பின்னாலிருந்து, "ஜல்தி சலோ பையா," என்றது ஒரு குரல். நான் வேகம் கூட்டவில்லை. முன்மூலை மெதுவாகப் போனால் பின்மூலை என்ன செய்துவிட முடியும்? கல்லறைத் தோட்டத்து வாசல் தாண்டுவதற்குள் எல்லோரும் உமது நடைக்கு வந்துவிட்டார்கள்.

நேற்று கல்யாணம் முடிந்து திரும்பும்போது, நிறுத்தத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் கதவைத் தட்டிக் கூப்பிட்டான். முன்பென்றால் ஓடியிருப்பேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நடந்த அதே நடையில்தான் போனேன். பஸ் போய்விட்டது. மனதுக்குள் ஓடிய பாட்டில் உமது கடைசி ஸ்வரம் வரும்வரை நின்று, ஓர் அடி வைத்து, நிறுத்தத்து மேடையில் ஏறினேன்.