மீன் தேடத் தோணி

பழுகாமம்
04.03.2024

அன்புள்ள புஸ்பம் டீச்சருக்கு,

இங்க எல்லாரும் சுகம். உன்ட முழங்கால் எப்படி? நான் ரெண்டாம் வகுப்போட நிண்டவள், எழுத்துப் பிழை இரிக்கும். கோவத்தில பிழை இல்ல.

எண்பத்தாறில நீ இங்க படிப்பிக்க வந்து எங்கட வீட்டில தங்கக்குள்ள, நானும் என்ட மனிசனும் போட்டிக்குக் கவி பாடினத்த கசற்றில பிடிச்சாய். அத இப்ப பள்ளிக்கூடங்கள்ல ஸ்பீக்கர்ல போடுறியாம். பேத்தி விதுர்ஷா கேட்டுட்டு வந்து சோத்துக்கு முன்னால இருந்து அவர்ட கடைசிக் கவியப் பாடுறாள். என்ட கறியில மீன் தேடத் தோணி வேணுமாம்!

நான் பதிலுக்கு வாயெடுக்கக்குள்ள உன்ட கசற் முடிஞ்சுபோச்சு. முப்பத்தெட்டு வருசமா நான் தோத்தவள். செத்தும் அவர்தான் வெண்டவர். பாட்ட நிப்பாட்டு. இல்லாட்டி என்ட பதிலையும் சேர்.

சின்னத்தங்கம்

கல்லடி
12.03.2024

அன்பின் அக்கா,

முழங்கால் உங்களைப் போலத்தான், மடங்காது.

பிழை என்னுடையது. உங்கள் போட்டியில் மூழ்கிக் கசற்றைத் திருப்பிப் போட மறந்துவிட்டேன். பிள்ளைகள் பாட்டைக் காதால் கேட்டுப் படிக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எத்தனை அதிபர்களோடு வாதாடியிருப்பேன்! கசற் பெட்டியோடு திரிந்ததால் 'பெட்டி டீச்சர்' என்று சிரித்தார்கள். இன்று முப்பது பள்ளிக்கூடங்களில் அந்தப் பாடம் நடக்கிறது. உங்கள் பாட்டுக்குத்தான் கடைசி வாங்குப் பிள்ளைகளும் நிமிர்கிறார்கள். கதிரவெளியில் ஒரு பிள்ளை கேட்டாள், "அந்தம்மா என்ன திருப்பிச் சொன்னா டீச்சர்?" எனக்கு ஞாபகம் வரவில்லை.

நிப்பாட்டச் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை றெக்கோடரோடு வாறன்.

தங்கச்சி புஸ்பம்

பழுகாமம்
20.03.2024

அன்புள்ள தங்கச்சி,

நீ வந்தது சந்தோசம். சாப்பிடாமப் போனத்த மறக்கமாட்டன்.

நீ அண்டைக்குப் பிடிச்சு அனுப்பின என்ட பதில விதுர்ஷாட போன்ல கேட்டன். 'நீ பிடிச்ச மீன எண்ண ஒரு விரல் போதும்.' நல்லாத்தான் பாடியிரிக்கன். பாடி முடிய ஒரு சத்தமும் இல்ல. "பொறு, இந்தா வாறன்" எண்டு தொண்டையச் செருமுற ஆள் இல்ல. மூணு தரம் போட்டுப் பாத்தன்.

அத அழிச்சுப்போடு. பாட்டு முந்தி முடிஞ்ச இடத்திலயே முடியட்டும். பிறகு பொம்புளப் புள்ளைகள எழுப்பி, பதில நீங்க கட்டுங்க எண்டு சொல்லு. ஆம்புளப் புள்ளைகள் திருப்பிச் சொல்லட்டும். நல்லதுகள எழுதி அனுப்பு.

கசற் நிக்கிறதுக்கு முன்னால ஒரு சிரிப்புக் கேக்கும். அது நான்தான். வெட்டிப்போடாத. புள்ளைகளுக்குச் சொல்லவும் வேணாம்.

அக்கா
சின்னத்தங்கம்